2019 ஆர்க்: சித்தப்பாவோடு தீராத வழக்கு

குதிரைப் பந்தயத்தில் சித்தப்பாவும் நானும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றுதான்: இருவரும் பணம் கட்டுவதில்லை. பணத்தை விட்டவன் அன்றோடு பேச்சையும் விட்டுவிடுவான், ஒன்றும் விடாதவன்தான் வருடக்கணக்கில் வாதாடுவான் என்பது அவர் கட்சி. 2019-ஆம் ஆண்டின் ஆர்க் பந்தயத்தை நாங்கள் இன்னும் முடித்துவைக்காததைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான் போலிருக்கிறது.

ஆர்க் என்றால் பிரி த லார்க் த ட்ரியோம்ஃப். பாரீஸின் லோன்ஷான் புல்தரையில் அக்டோபர் முதல் ஞாயிறன்று 2400 மீட்டர் ஓட்டம். 1920-இல் தொடங்கியது. டெர்பியைப் பற்றி வாதாடுவதைவிட ஆர்க்கைப் பற்றி வாதாடுவது எனக்குப் பிடிக்கும். டெர்பியில் ஓடுபவை எல்லாமே மூன்று வயதுக் குதிரைகள். பாதிக்கு மேல் அந்தத் தூரத்தை அதுவரை ஓடிப் பார்த்திருக்காது. ஆகவே அங்கே பேச்செல்லாம் வம்சாவளியும் யூகமும்தான். ஆர்க்குக்கு வருபவை ஒன்றையொன்று ஏற்கெனவே சந்தித்தவை. யார் யாரிடம் எங்கே, எந்தத் தரையில், எவ்வளவு இடைவெளியில் தோற்றார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. சான்று இருக்கும் இடத்தில்தான் சண்டை ருசிக்கும்.

அந்த வருடம் 12 குதிரைகள் ஓடின. பேச்சு மட்டும் ஒரே குதிரையைப் பற்றித்தான்: எனேபிள். ஜான் காஸ்டனின் பயிற்சி, முதுகில் ஃப்ராங்கி டெட்டோரி. 2017-இல் லோன்ஷான் புதுப்பிப்புப் பணியில் இருந்ததால் ஷான்டியியில் நடந்த ஆர்க்கையும், 2018-இல் லோன்ஷானில் நடந்ததையும் வென்றிருந்தது. தொடர்ந்து 12 வெற்றிகள். அதுவரை எந்தக் குதிரையும் ஆர்க்கை மூன்று முறை வென்றதில்லை. இரண்டு முறை வென்றிருந்த ட்ரெவ் 2015-இல் முயன்று நான்காவதாக வந்தது.

சித்தப்பாவின் வாதத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அது வலுவான வாதம். "இந்தப் பந்தயம் பெண்குதிரைகளின் சொத்தாகிவிட்டது, கணக்கெடுத்துப் பார்" என்றார். எடுத்துப் பார்த்தேன். 2011 முதல் 2018 வரை எட்டு ஓட்டங்களில் ஏழு பெண்குதிரைகளுக்கே போயிருக்கின்றன: டேன்ட்ரீம், சொலேமியா, ட்ரெவ் இரண்டு முறை, ஃபவுண்ட், எனேபிள் இரண்டு முறை. நடுவே 2015-இல் கோல்டன் ஹார்ன் மட்டும் ஆண். பெண்குதிரைக்கு ஒன்றரைக் கிலோ எடைச் சலுகை உண்டு. அதாவது ஜாக்கியும் சேணமும் சேர்த்து எனேபிள் சுமப்பது 58 கிலோ, அதே வயது ஆண்குதிரை சுமப்பது 59.5. "2018-இல் காயத்திலிருந்து மீண்டு, அந்த வருடத்தில் ஒரே ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தே ஜெயித்தாள். இந்த வருடம் எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ், யார்க்‌ஷயர் ஓக்ஸ் என்று மூன்று வெற்றிகளோடு வருகிறாள். அரைகுறைத் தயாரிப்பில் ஜெயித்தவள் முழுத் தயாரிப்பில் தோற்பாளா?" இது அவர் கேள்வி. (சித்தப்பாவுக்குப் பெண்குதிரை எல்லாம் "அவள்"தான். தோற்ற மறுநாள் மட்டும் "அது" ஆகிவிடும்.)

என் ஆள் சொட்சாஸ். மூன்று வயது, பிரெஞ்சு டெர்பியான பிரி டு ஜாக்கி கிளப்பை வென்றவன், செப்டம்பரில் அதே லோன்ஷானில் பிரி நியெல்லையும் வென்றவன். மூன்று வயது ஆணுக்கு எடை 56.5 கிலோ. சித்தப்பா பெருமைப்பட்ட அந்த ஒன்றரைக் கிலோ சலுகையைத் தாண்டி, அவருடைய ராணியைவிட இன்னும் ஒன்றரைக் கிலோ குறைவு. ஈரத்தரையில் கடைசி 300 மீட்டரில் ஒவ்வொரு கிலோவும் பேசும் என்றேன். "மூன்று வயதுப் பையன்கள் எல்லாம் அக்டோபரில் பெரியவர்களோடு மோதும்போது திகைத்து நிற்பார்கள்" என்றார். ஆர்க்கின் வெற்றியாளர் பட்டியலில் மூன்று வயதுக் குதிரைகள் மலிந்து கிடக்கின்றன. இது தெரியாதவரல்ல அவர். என்னைச் சீண்டத்தான் சொன்னார்.

மற்றவற்றையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மனியின் பாடன் பந்தயத்தை 14 நீள (ஒரு நீளம் என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் வென்ற கய்யாத்தைப் பார்த்து அந்த வாரம் பலர் மயங்கியிருந்தார்கள். நான் மயங்கவில்லை. 14 நீளம் என்பது வென்ற குதிரையைப் பற்றிச் சொல்வதைவிடத் துரத்தியவை எப்போது கைவிட்டன என்பதைத்தான் அதிகம் சொல்லும். அது முன்னால் ஓடும் குதிரை. லோன்ஷானில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம், அதற்குப் பிறகு கடைசி நேர்பாதை போலவே தோன்றி ஏமாற்றும் ஒரு பொய் நேர்பாதை, அதையும் தாண்டித்தான் உண்மையான நேர்பாதை. ஊறிப்போன தரையில் இத்தனையையும் முன்னால் நின்று இழுப்பது நடக்காது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. நடக்கவும் இல்லை. கய்யாத் நேர்பாதையில் கரைந்து பின்வரிசைக்குப் போய்விட்டது.

ஜப்பானிலிருந்து கிசெகி, பிளாஸ்ட் ஒன்பீஸ், ஃபியேல்மான் என்று மூன்று வந்திருந்தன. எல்லாமே அவர்கள் நாட்டின் மிகப் பெரிய பந்தயங்களை வென்றவை. எல் கொண்டோர் பாசா 1999-இல் மோன்ஜூவிடம் தோற்று இரண்டாவதாக வந்த நாளிலிருந்து இந்தப் பந்தயம் அந்த நாட்டைத் துரத்துகிறது. நகயாமா ஃபெஸ்டா 2010-இல் இரண்டாவது. ஓர்ஃபேவ்ர் 2012, 2013 இரண்டிலும் இரண்டாவது. 2012-இல் நேர்பாதையில் முன்னால் போய், ஜெயித்துவிட்டான் என்று எல்லோரும் எழுந்து நின்ற பிறகு, உள்பக்கம் சாய்ந்து சாய்ந்து சொலேமியாவிடம் கழுத்தளவில் பறிகொடுத்தானே, அதை இன்றைக்கும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. மனம் அவர்கள் பக்கம்தான். ஆனால் உறுதியான, வேகமான தரையில் வளர்ந்தவை லோன்ஷானின் அக்டோபர் சேற்றில் காலை எப்படி எடுத்துவைக்கும்? 2019-இல் அந்த மூன்றில் ஒன்றுகூட முதல் ஐந்துக்குள் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் என்ற பெயரில் அயர்லாந்திலிருந்து வந்த குதிரை நான்காவதாக வந்தது.

இத்தனை பேசினோம். வால்ட்கைஸ்ட்டைப் பற்றி அரை நிமிடம் பேசியிருப்போமா? ஆந்த்ரே ஃபாப்ர் பயிற்சி கொடுத்த குதிரை. ஐந்து வயது, எனேபிள் பிறந்த அதே 2014-இல் பிறந்தது. 2018 ஆர்க்கில் எனேபிளுக்குப் பின்னால் நான்காவது. 2019 கிங் ஜார்ஜில் எனேபிளுக்கும் கிரிஸ்டல் ஓஷனுக்கும் பின்னால் மூன்றாவது. "எனேபிளிடம் ஏற்கெனவே தோற்ற குதிரை, மறுபடியும் தோற்கும்" என்று சித்தப்பா ஒரே வரியில் தள்ளிவிட்டார். அதற்கு மேல் ஆணியும் அடித்தார்: ஜூன் மாதம் அஸ்காட்டில் கொட்டும் மழையில் நடந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஓட்டத்தில் மேஜிக்கல் என்ற பெண்குதிரைக்கும் பின்னால்தானே வந்தது, சேற்றை விரும்பும் குதிரை என்றால் அன்றைக்கு எங்கே போயிற்று? அது 2000 மீட்டர் ஓட்டம், இது 2400 என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தரை மிகவும் ஊறிப்போயிருந்தது. எனேபிள் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் இருந்தபடி சுகமாக வந்தது. நேர்பாதையில் டெட்டோரி அவிழ்த்துவிட்டார், முன்னால் பாய்ந்தது. அரங்கம் முழுவதும் ஒரே கூச்சல். முடிந்தது கதை என்று நினைத்த நேரத்தில் வெளிப்பக்கமாக வால்ட்கைஸ்ட் ஒரே சீராக ஏறிவந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் தாண்டி, ஒன்றே முக்கால் நீளத்தில் ஜெயித்தது. எனேபிள் இரண்டாவது, சொட்சாஸ் மூன்றாவது, ஜப்பான் நான்காவது, மேஜிக்கல் ஐந்தாவது. ஃபாப்ருக்கு அது எட்டாவது ஆர்க்.

வயதான பெண்குதிரை தளர்ந்துவிட்டது என்று மறுநாள் பலர் எழுதினார்கள். வென்றதும் அதே வயதுதானே. எடை தான் காரணம் என்பவர்களுக்கும் இடமில்லை; அந்தக் களத்தின் உச்ச எடையான 59.5 கிலோவைச் சுமந்து ஓடியது வால்ட்கைஸ்ட். சித்தப்பாவின் பெண்குதிரைக் கணக்கு, என் மூன்று வயதுக் கணக்கு இரண்டையும் ஒரே மூச்சில் மிதித்துவிட்டுப் போயிற்று. ஆனாலும் சொட்சாஸைப் பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்தையும் திரும்பப் பெற மாட்டேன். சேற்றில், இளம் வயதில், அந்த இருவருக்கு அடுத்தபடி வந்தவன் அவன். மறுவருடம் எனேபிள் ஆறாவதாக வந்த ஆர்க்கில் வென்றவனும் அவனே. "நீ சொன்னது மூன்று வயதுக்கு; அவன் ஜெயித்தது நான்கு வயதில். அது கணக்கில் வராது" என்கிறார் சித்தப்பா. இந்த மனிதரோடு என்ன செய்வது!

எனக்கு இதில் பிடிபட்ட விஷயம் வேறு. ஒரு மாபெரும் குதிரை களத்தில் இருந்தால் "இதை யார் தோற்கடிப்பார்கள்" என்று யாரும் கேட்பதில்லை. "இது தோற்குமா" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது கேள்விக்கு அந்தக் குதிரையை மட்டும் பார்த்தால் போதும். முதல் கேள்விக்கு அதனிடம் தோற்றவர்களின் பட்டியலைப் பிரிக்க வேண்டும். யார் பல நீளம் பின்னால் விழுந்தார்கள், யார் ஒவ்வொரு முறையும் கைக்கெட்டும் தூரத்தில் முடித்தார்கள், யாருக்கு அன்றைய தரை ஒத்துவரவில்லை, யாருடைய பயிற்சியாளர் அந்த வருடம் முழுவதையும் இந்த ஒரு ஞாயிறுக்காகவே திட்டமிட்டார்? வால்ட்கைஸ்ட் மூன்று வாரங்களுக்கு முன் அதே லோன்ஷானில், அதே 2400 மீட்டரில் பிரி ஃபோய் பந்தயத்தை வென்றுவிட்டு வந்திருந்தது. தாய் வழியில் மோன்சுன் என்ற ஜெர்மானியக் குதிரையின் பேரன். மோன்சுன் வம்சத்துக்கும் ஈரத்தரைக்கும் உள்ள உறவு ஊரறிந்த விஷயம். எல்லாம் கண் முன்னாலேயே கிடந்தது. எனேபிளின் 12 வெற்றிகளைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா இதை ஏற்கவில்லை. தரை மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தால் அவள் ஐந்து நீளம் முன்னால் போயிருப்பாள் என்கிறார். 2017 கிங் ஜார்ஜை மழை நனைத்த தரையில்தானே வென்றாள் என்று கேட்டால், அது மூன்று வயதில், இளமையில் என்கிறார். அப்படியானால் தளர்ச்சி உண்மைதானா என்று மடக்கினால் பேச்சு டெட்டோரி பக்கம் திரும்பிவிடும்: சீக்கிரமே அவிழ்த்துவிட்டார், இன்னும் ஐம்பது மீட்டர் பொறுத்திருக்க வேண்டும்.

அந்த வருடத்துக்கான உலகத் தரவரிசை வந்தபோது எனேபிள், கிரிஸ்டல் ஓஷன், வால்ட்கைஸ்ட் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண்: 128. "பார்த்தாயா, தோற்ற பிறகும் முதலிடம்" என்று சித்தப்பா அதை எடுத்துக்கொண்டார். வால்ட்கைஸ்ட்டும் அதே முதலிடத்தில்தான் இருக்கிறது, நாம் அரை நிமிடம்கூடப் பேசாத குதிரை என்று நான் எடுத்துக்கொண்டேன். மூன்றையும் நல்ல உலர்ந்த தரையில் மீண்டும் ஓடவிட்டால் யார் ஜெயிப்பார் என்று இப்போது ஆரம்பித்திருக்கிறார். நான் கிரிஸ்டல் ஓஷன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.