கிழக்கு பார்த்த வாசல்

புது வருடம் பிறந்தால் மாரிகோப்பாவில் இருக்கும் கணபதி கோயிலுக்குப் போய்விடுவது என் வழக்கம். இந்த முறை போகவில்லை. வருடத்தின் கடைசி விடியலில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வடகிழக்கு மூலையில், மைனஸ் 11 டிகிரி குளிரில், மூன்று நாய்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தேன். இதையும் கோயில் போன கணக்கில்தான் நான் எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப்போனவர் பீனிக்ஸில் என்னோடு ஒரே கிடங்கில் வேலை பார்ப்பவர். வயது 61. நவஹோ பழங்குடி இனத்தவர்; அவர்கள் தங்களை 'டினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'மக்கள்' என்று அர்த்தம். காலை ஷிப்டுக்கு நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வண்டியை நிறுத்தும்போது, அவர் கிடங்குக்குப் பின்னாலிருந்து வியர்வையோடு ஓடி வருவார். எப்போதும் கிழக்கே போய்விட்டுத்தான் திரும்புவார். "எடை குறைக்கவா?" என்று ஒருநாள் கேட்டேன். "கும்பிடப் போனேன்" என்றார். அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது. டிசம்பரில் அவரே கூப்பிட்டார். "பேரனுக்கு வீட்டில் ஒரு விசேஷம். வா."

பிளாக்ஸ்டாஃப் வழியாகப் போனோம். ஊருக்கு வடக்கே சான் பிரான்சிஸ்கோ மலைகள், உச்சியெல்லாம் பனி. அதன் உயரமான சிகரம் 3,851 மீட்டர். அரிசோனாவில் அதைவிட உயரமானது கிடையாது. டினே மொழியில் டோக்கோஒஸ்லீட். அவர்கள் நிலத்துக்கு நான்கு திசைக்கு நான்கு மலைகள் காவல், இது மேற்கு. கிழக்கு மலையும் வடக்கு மலையும் கொலராடோவில், தெற்கு மலை நியூ மெக்சிகோவில் இருக்கின்றன. "கோயில் மாதிரி ஏதாவது கட்டடம் உண்டா?" என்று கேட்டேன். அவர் உதட்டைக் குவித்து மலைப்பக்கம் நீட்டினார். அவர்களிடம் விரல் நீட்டிக் காட்டும் பழக்கம் இல்லை, உதட்டால்தான் திசை காட்டுவார்கள். எனக்கு அப்போது அது தெரியாது. முத்தம் கொடுக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். மலை பின்னால் போனதும், "உள்ளே வந்துவிட்டோம்" என்றார். ஊருக்கு இன்னும் மூன்று மணி நேரப் பயணம் பாக்கி இருந்தது.

அந்த மலையில் ஒரு பனிச்சறுக்கு மைதானம் இருக்கிறது. பனி போதாத நாட்களில், சுத்திகரித்த கழிவுநீரில் செயற்கைப் பனி செய்து சரிவில் தூவுகிறார்கள். மருத்துவப் பச்சிலை பறிக்கிற மலை, பெரியவர்கள் காணிக்கை வைக்கிற மலை என்று நவஹோக்களும் மற்றப் பழங்குடிகளும் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர் இதைச் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. சாக்கடைத் தண்ணீரை எத்தனை முறை வடிகட்டினாலும் மூலவருக்கு அபிஷேகம் செய்யச் சம்மதிப்போமா?

அவருடைய அம்மா வீடு சின்லே ஊருக்கு வெளியே, செம்மண் தடத்தில் இருக்கிறது. பக்கத்தில் எண்கோணமாக, மரக்கட்டை அடுக்கிக் கட்டிய ஹோகான். வாசல் கிழக்கு பார்த்திருக்கும். எல்லா ஹோகானுக்கும் அப்படித்தான். உள்ளே நுழைந்ததும் என் இஷ்டத்துக்கு வலப்பக்கம் திரும்பினேன். தோளைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினார். நடுவில் இருக்கும் இரும்பு அடுப்பை வலமாகச் சுற்றித்தான் போக வேண்டுமாம். நம் பிரகாரத்தில் போகிற அதே சுற்று. அசடு வழிந்துகொண்டு சுற்றினேன்.

அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. வெல்வெட் ரவிக்கை, கம்பளி நூலால் கட்டிய கொண்டை. ஆங்கிலம் புரியும், பேச மாட்டார். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மகன் மொழிபெயர்த்தார்: "நீ யார் என்று கேட்கிறார். பெயர் இல்லை, குலம்." அங்கே அறிமுகம் என்றால் நான்கு குலம் சொல்ல வேண்டும். அம்மாவின் குலத்தில் பிறந்தவன், அப்பாவின் குலத்துக்காகப் பிறந்தவன், பிறகு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குலம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் குலம். குலம் தாய்வழி என்பதால், கடைசிக் கேள்வி உண்மையில் தாத்தாவின் அம்மாவைப் பற்றியது. சாதியைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஊர்களைச் சொல்கிறேன் என்றேன். அம்மா ஊர் சொன்னேன், அப்பா ஊர் சொன்னேன், அம்மாவழித் தாத்தாவையும் ஒப்பேற்றிவிட்டேன். நான்காவதில் மாட்டிக்கொண்டேன். என் தாத்தாவைப் பெற்றவள் எந்த ஊர்ப் பெண்? தெரியவில்லை. அம்மா தலையை ஆட்டிவிட்டு, "ஷியாஜ்" என்று கூப்பிட்டு ஆட்டுக்கறிக் குழம்பை நகர்த்தினார். 'என் மகனே' என்று அர்த்தமாம். குலம் தெரியாத பிள்ளையை எங்காவது சேர்த்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று மகன் சிரித்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுப்பினார். வெளியே நட்சத்திரங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. சின்ன வயதில் தாத்தா இதே நேரத்துக்குப் போர்வையை உருவி விடுவாராம். விடியலில் தேவர்கள் கிழக்கிலிருந்து வருவார்கள். யார் எழுந்திருக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். தூங்குகிறவன் வீட்டில் நிற்க மாட்டார்கள். பனி விழுந்திருந்தால் அதில் உருண்டுவிட்டு ஓட வேண்டும். "நீ உருள வேண்டாம்" என்று எனக்குச் சலுகை கொடுத்தார். பெரிய மனது.

ஓடத் தொடங்கினோம். சின்லே 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சமவெளியில் பழகிய நுரையீரல் இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. வீட்டு நாய்கள் மூன்றும் வழி தெரிந்த மாதிரி முன்னால் போயின. மாடுகள் தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த இடம் ஒன்று வந்தது. அங்கேயே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்தார். "கத்து" என்றார். எதற்கு? "நீ வந்திருக்கிறாய் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இங்கே உன்னை யாருக்கும் தெரியாதே." அவர் கத்திக் காட்டினார். அடிவயிற்றிலிருந்து, நீளமாக. எங்கோ கீழே பாறைச் சுவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தன. நான் என்ன கத்துவது? யோசிப்பதற்குள் வாயில் வந்தது "அரோகரா". நாய்கள் நின்று திரும்பிப் பார்த்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பழனிப் படியில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். சட்டென்று சொல்லத் தெரியவில்லை. "மலை ஏறும்போது சொல்வோம்" என்றேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அப்புறம் அவர் மட்டும் கொஞ்சம் முன்னால் போய் நின்றார். கிழக்கே வெள்ளை ஒரு கோடாகப் படர்ந்திருந்தது. இடுப்பிலிருந்து சின்ன மான்தோல் பையை எடுத்து, அதிலிருந்த மக்காச்சோள மகரந்தத்தை இரண்டு விரலால் தொட்டார். நாக்கில் துளி, உச்சந்தலையில் துளி, மீதி எதிரே காற்றில். மஞ்சள் தூள் அந்த வெளிச்சத்தில் நொடிப்பொழுது நின்று மறைந்தது. என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. படமும் எடுக்கவில்லை. 'ஹோஜோ' என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அழகு, நிறைவு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிற இருப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்களிடம் அந்த ஒரு சொல்தான்.

திரும்பும்போது ஆட்டுப்பட்டியின் அருகே நின்றார். "என் தொப்புள்கொடி இங்கேதான் புதைந்திருக்கிறது. பாட்டி புதைத்தார். ஆட்டோடு ஆடாக மனசு வீட்டிலேயே நிற்கும் என்பதற்காக." தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசிப் பேசி அந்தச் சொல்லை நாம் தேய்த்துவிட்டோம். இங்கே அதற்கு ஓர் இடம் இருந்தது. புழுக்கையும் பனியுமாக, நாலடிக்கு நாலடி.

எட்டு வயதில் அவரை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்களாம். முதல் நாளே கொண்டையை வெட்டினார்கள். டினே மொழியில் பேசினால் வாயில் சோப்பு. இரண்டாவது மாதம் பெரியம்மா மகனோடு ராத்திரியில் தப்பித்தார். "தாத்தா ஓடச் சொல்லிக் கொடுத்தது எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது" என்றார். இரண்டு ராத்திரி ஓடியிருக்கிறார்கள், பகலில் ஓடைப் பள்ளத்தில் படுத்துக் கிடந்து. வீட்டுக்கு வந்த நான்காம் நாள் வண்டி வந்து திரும்பக் கூட்டிப்போய்விட்டது. அந்தப் பள்ளியின் பெயரை அவர் சொல்லவில்லை.

காலைச் சாப்பாடு நீலச் சோளக் கூழ். ஜூனிப்பர் இலையை எரித்து, சாம்பலை சல்லடையில் சலித்து அம்மா அதில் கலந்தார். அந்தச் சாம்பல்தான் நீலத்தை எடுத்துக் காட்டுமாம். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை, ஒரு வெங்காயம்தான் குறைந்தது.

கூழ் குடித்துக்கொண்டே அவர் வருடத்தைக் கணக்குப் பார்த்தார். கோடையில் மூத்த பேத்தி பெரியவளானாள். நான்கு நாள் சடங்கு, கினால்டா. அந்த நாட்களில் பெண் கிழக்கு நோக்கி ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் போன முறையைவிடக் கொஞ்சம் தூரம் கூட. வீட்டு ஆட்களும் கூட ஓடலாம், ஆனால் அவளை யாரும் முந்தக் கூடாது. "நாற்பது வருடமாக நான் யாருக்கும் பின்னால் ஓடியதில்லை. அவளுக்குப் பின்னால் ஓடினேன். கடைசி நாள் நானே முந்த நினைத்தாலும் முடியாது, அப்படி ஓடினாள்." அவள் மாவரைத்துச் செய்த சோளக் கேக், தரையில் குழி வெட்டி இரவு முழுக்க நெருப்பில் வெந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவள் கொடுப்பாள். தான் தின்னக் கூடாது.

மதியம் பேரனின் விசேஷம். குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரிப்பதை அவர்கள் கொண்டாடுகிறார்கள். சிரிக்க வைத்தவர்தான் செலவு செய்ய வேண்டும். மாட்டிக்கொண்டவர் தாத்தா, அவர் போட்ட தும்மலுக்குப் பிள்ளை சிரித்துவிட்டது. முப்பது பேர் வரிசையில் வந்தார்கள். தாயின் மடியில் இருந்த குழந்தையின் கையில் உப்புக்கல்லை வைத்து, அந்தக் கையாலேயே ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார்கள். முதல் சிரிப்போடு முதல் ஈகையும் பழகட்டும் என்று. என் முறை வந்தது. எச்சில் ஈரத்தோடு அந்தக் குட்டி விரல்கள் என் உள்ளங்கையில் திறந்தன. மிளகு அளவு உப்பு. வாயில் போட்டுக்கொண்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். உப்பிட்டவருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

சாயங்காலம் கேன்யன் டி ஷேயின் தென்விளிம்புக்குப் போனோம். கீழே பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 750 அடிக்கு எழுந்து நிற்கிறது சிலந்திப் பாறை. டினே பெண்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் அதன் உச்சியில் இருக்கிறாள். குறும்பு செய்கிற பிள்ளைகளை மேலே தூக்கிப்போய்விடுவாள், உச்சியில் வெளுத்துக் கிடப்பது அவர்கள் எலும்பு என்று அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். 61 வயதிலும் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார்.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் 1864-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை நுழைந்தது. சோளக் கொல்லைகளைக் கொளுத்தினார்கள், ஆடுகளைக் கொன்றார்கள், ஆயிரக்கணக்கில் பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பட்டினியில் சரணடைந்த மக்களை 480 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நடத்திக் கூட்டிப்போய், பாஸ்க் ரெடோண்டோ என்ற பொட்டல் வெளியில் அடைத்தார்கள். நான்கு வருடத்தில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரைத் தவிர வேறு ஊருக்கு அனுப்பாதீர்கள் என்று பார்போன்சிட்டோ என்ற தலைவர் ராணுவ அதிகாரிகளிடம் வாதாடினார். 1868 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வீடு திரும்புகிற வழியில், தூரத்தில் தெற்கு மலை தெரிந்ததும் கிழவர்களும் கிழவிகளும் அழுதார்கள் என்று மனுவெலிட்டோ என்ற தலைவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இது நம் மலைதானா என்று திகைத்து, மண்ணோடு பேச வேண்டும் போலிருந்ததாம்.

"என் பாட்டியின் பாட்டி அதில் நடந்தவர்" என்றார். பிறகு, கேட்காமலேயே, "2020 வரை அண்ணனும் நானும் சேர்ந்து ஓடுவோம்" என்றார். அந்த வருடம் மே மாதத்தில், நவஹோ நாடு என்கிற இவர்களுடைய தன்னாட்சிப் பகுதியில் கொரோனா விகிதம் நியூயார்க்கையே தாண்டியது. அண்ணனின் பெயரைச் சொல்லவில்லை. போனவர்களின் பெயரை அவர்கள் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை. இருட்டும் வரை நின்றோம்.

மறுநாள் நான் மட்டும் கிளம்பினேன். அவருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை இருந்தது, வீட்டில் குழாய் கிடையாது. பீப்பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே "ஹாகோனே" என்றார். 'சரி, அப்புறம்' என்கிற மாதிரி ஒரு சொல். அம்மா ஒரு பை நிறையப் பின்யன் என்ற பைன் மரத்தின் கொட்டை கொடுத்தார். நாய்கள் மூன்றும் வண்டியோடு ஓடி வந்து, நான் முழங்காலைப் பிடித்த அதே இரும்புக் கம்பியில் நின்றுகொண்டன.

கனாடோ தாண்டும்போது போனில் சிக்னல் வந்தது. முதல் நாள் ராத்திரி, கிடைத்த ஒரு கோட்டுச் சிக்னலில் அத்தைக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். பதில், குரல் செய்தியாக:

"தாத்தாவோட அம்மாவா? கழுகுமலைலா. எதுக்குடா கேக்க, திடீர்னு?"