ஒரு எறிகருவியும் இரண்டு தமிழும்

இலங்கையிலுள்ள எங்கள் பாடசாலைக்கு நன்கொடையாகக் கிடைத்த மல்ரிமீடியா எறிகருவி (புரொஜெக்டர்) இரண்டு வருடமாக அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அதை என் விஞ்ஞான வகுப்புக்குக் கொண்டுவர ஒரு மாதம் சென்றது. அதிபர் உடனே சம்மதித்தார். ஆனால் கருவி பொருட்பதிவேட்டில் ஏற்றப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது; பதியாத பொருள் பழுதானால் யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தீர்க்கும் கடிதத்துக்காக, அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுதுவினைஞர் நான் கொண்டுபோன தாள்களைப் புரட்டிவிட்டு, “ரீச்சர், நன்கொடை தந்த ஆக்களின்ரை கடிதத்தின்ரை பிரதி எங்கை?” என்றார். முதல்நாள் தொலைபேசியில் விசாரித்தபோது இந்தப் பிரதியைப் பற்றி எவரும் மூச்சு விடவில்லை. வெறுங்கையோடு திரும்பி, அடுத்த கிழமை மீண்டும் போனேன். இந்த வேலையில் இறங்கப்போகிறவர்கள் முதலில் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். காணொளி தேடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அலுமாரித் திறப்பு கைக்கு வந்த நாளில் இன்னொரு தடங்கல். கருவியின் பிளக் சதுர முனைகளுடைய 13 அம்பியர் வகை. எங்கள் சுவரில் இருந்ததோ வட்டத் துளைகளுடைய பழைய 5 அம்பியர் வகை. 40 நிமிடப் பாடவேளையில் 15 நிமிடம் அடப்ரர் தேடுவதிலேயே போயிற்று. அரைச்சுவர் வகுப்பறையில் காலை வெயில் நேரே அடித்ததால், திரையாகக் கட்டிய வேட்டியில் படம் மங்கலாய்த்தான் விழுந்தது. மறுநாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து படங்கு கொண்டுவந்து கட்டினார்கள்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. என்னை இன்னும் உறுத்துவது வேறு, அது முழுக்க என் கவனயீனம். தரம் 11க்கு ஒளித்தொகுப்பைக் காட்ட நான் தெரிவுசெய்த காணொளி தமிழ்நாட்டில் செய்யப்பட்டது. படமும் விளக்கமும் அருமை. தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் வந்தபோது, வழமையாக நல்ல புள்ளி எடுக்கும் ஒரு மாணவி ‘ஒளிச்சேர்க்கை’, ‘கார்பன் டை ஆக்சைடு’, ‘பசுங்கணிகம்’ என்று எழுதியிருந்தாள். தாளைத் திருத்திய சக ஆசிரியர் பசுங்கணிகத்தைச் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் நம் பாடநூலின் சொல்லான ‘பச்சையவுருமணி’ என்று எழுதிவைத்திருந்தார். “நீங்கள் காட்டின வீடியோவிலை அப்பிடித்தானே ரீச்சர் சொன்னவை?” என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து அயலிலிருந்து வரும் காணொளிகளின் ஒலியை நிறுத்திவிட்டு நானே பேசுகிறேன். செல் என்று வருமிடத்தில் கலம், திசு என்று வருமிடத்தில் இழையம், ஆக்சிஜன் என்று வருமிடத்தில் ஒட்சிசன் எனச் சோடி சோடியாகக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவிடுவேன். படங்கள் மட்டும் போதுமென்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் நம்முடைய பாடநூல்களே இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவிலும் நம் பாடத்திட்டத்துக்குரிய சொற்களே இருக்கும். ஓர் எச்சரிக்கை: மூத்த ஆசிரியர்கள் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட குறிப்புகளை அப்படியே படவில்லையில் (ஸ்லைடில்) ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்த்தான் வரும். யூனிகோட்டுக்கு மாற்றிய பின்னரும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

தரம் 10க்கு ஓமின் விதி வந்தபோது சற்றுத் தேறியிருந்தேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் 2002இல் தொடக்கிய ‘ஃபெட்’ தளத்திலிருந்து, பரிசோதனையைத் திரையிலேயே செய்துபார்க்க உதவும் பாவனைக் கோப்பை வீட்டிலேயே தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுபோனேன். இணையம் இல்லாமலே அது இயங்கும். திரையில் சமன்பாட்டின் எழுத்துகள், பெறுமானம் கூடக் கூடப் பெருத்து, குறையக் குறையச் சிறுத்துப் போகும். கடைசி வாங்கில் எப்போதும் தலைகவிழ்ந்திருக்கும் ஒரு பையனைக் கூப்பிட்டு மவுசைக் கொடுத்தேன். மின்னழுத்தத்தை 9 வோல்ற்றுக்கு ஏற்றி, தடையை 10 ஓமுக்கு இறக்கினான். மின்னோட்டம் 900 மில்லி அம்பியராகி, அதைக் குறிக்கும் எழுத்து வேட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. “ரீச்சர், கூரையை முட்டப்போகுது!” என்றது வகுப்பு. மணி அடித்த பிறகும் அவன் மவுசை விடவில்லை, 10 ஓமுக்குக் கீழே போகவிடுகுதில்லை என்று என்னிடம் முறைப்பட்டுக்கொண்டிருந்தான்.