செம்பருத்தி இதழின் நரம்பு படத்தில் வந்தது: 50 எம்எம் லென்ஸும் 21 எம்எம் டியூபும்

சிவப்புச் செம்பருத்தியின் இதழ் நரம்புகள் கடைசியில் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிகின்றன. கருவிகள் சாதாரணமானவை: கேனான் 1500டி, 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ், இரண்டுக்கும் நடுவில் 21 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸைத் தள்ளிவைத்துப் பூவைப் பெரிதாக்கும், கண்ணாடியில்லாத வளையம்). எஃப்/8, ஐஎஸ்ஓ 400, காலை நிழல் வெளிச்சம். இந்தப் பூ மட்டும் மெழுகு பூசியது போல வழவழவென்று வரும்போது எல்லோரும் ஃபோகஸைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் ஃபோகஸ் சரியாகவே இருக்கும். கோளாறு சிவப்பு சேனலில், அதாவது படத்தின் சிவப்பு நிறப் பதிவில்.

கேமரா மீட்டர் மொத்த வெளிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. செம்பருத்தியில் பச்சை, நீல சேனல்களுக்குக் கிடைப்பது சொற்பம். அதனால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டுகிறது; சிவப்பு உச்ச அளவான 255-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. நரம்புக்கும் பக்கத்துச் சதைக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சேனலில்தான் அதிகம் பதிய வேண்டும். அது நிரம்பி வழிந்த பிறகு ஷார்ப்னஸ் ஸ்லைடரை எவ்வளவு தள்ளினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடுதான் மிஞ்சும்.

பிரைட்னஸ் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) நம்பக்கூடாது. மூன்று நிறமும் கலந்த கணக்கு என்பதால் அது நடுவில் சமத்தாக உட்கார்ந்திருக்கும். ப்ளேபேக் மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றினால்தான் சிவப்பு வலது சுவரில் முட்டி நிற்பது தெரியும். நிழலில் மைனஸ் 2/3, வெயிலில் மைனஸ் 1 அல்லது அதற்கும் கீழே என்று எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இறக்கி, சிவப்பு மேடு சுவரைவிட்டு விலகும்வரை எடுத்துப் பார்க்க வேண்டும். ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) கட்டாயம். பிக்சர் ஸ்டைல் என்ற நிற அமைப்பு 'நியூட்ரல்'. ராவில் எடுத்தாலும் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கிலிருந்து வருவதுதான். 'லேண்ட்ஸ்கேப்' போன்ற அடர்நிற ஸ்டைலில் வைத்தால் அது பொய்க்கணக்கு காட்டும். இன்னொன்று, நரம்பு என்பது இதழில் மெல்லிய மேடு. பக்கவாட்டு வெளிச்சம் அதை எழுப்பிக் காட்டும், நேர் எதிரே அடிக்கும் ஃபிளாஷ் அமுக்கிவிடும்.

டியூப் கணக்கு தெரிந்ததுதான்: டியூப் நீளத்தை லென்ஸின் எம்எம்மால் வகுக்க வேண்டும். 21/50 என்பது 0.42. லென்ஸின் சொந்த உருப்பெருக்கமான 0.21-ஐக் கூட்டினால், கிட்ட ஃபோகஸில் சுமார் 0.63 மடங்கு. ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 35 மி.மீ.; ஒரு இதழின் நடுப்பகுதிக்கு அளவெடுத்தது மாதிரி. இந்த உருப்பெருக்கத்தில் எஃப்/8 என்று வைத்தது நடைமுறையில் எஃப்/13 ஆகிவிடும். எஃப்/16-க்குப் போனால் அது எஃப்/26. சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்ஷன் எல்லாவற்றையும் மழுக்கிவிடும். எஃப்/11 தாண்டாமல் இருப்பது நல்லது.

டியூப் வாங்கும்போது மின்தொடுமுனைகள் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெற்று டியூபில் 50 எஸ்டிஎம்மை மாட்டினால் அபெர்ச்சரை (எஃப் எண்ணை) மாற்ற முடியாது. மேனுவல் ஃபோகஸ் வளையமும் வேலை செய்யாது. அந்த லென்ஸில் வளையமே மோட்டார் வழியாகத்தான் ஓடுகிறது. தொடுமுனை உள்ள மூன்று துண்டு செட்களிலும் (13, 21, 31) மலிவானவற்றின் மவுண்ட் லேசாக ஆடும். அப்போது 'எர்ர் 01' வரும். லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். உலர்ந்த மென்துணியால் முனைகளைத் துடைத்து, 'க்ளிக்' கேட்கும்வரை திருகி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்றையும் அடுக்கும்போது ஆட்டமும் மூன்று மடங்கு.

ஃபோகஸுக்கு வளையத்தைத் தொடுவதே இல்லை. லென்ஸை மேனுவலில், மிகக் கிட்டத்தில் நிறுத்திவிட்டு கேமராவையே முன்பின் நகர்த்த வேண்டும். எஃப்/8-இல் கூர்மையாக நிற்கும் ஆழம் 1.25 மி.மீ. அளவுதான். சென்சாரும் இதழும் இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை கண்டிப்பாகப் போய்விடும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி முதலில் நடுவைப் பார்த்து, பிறகு பெட்டியை நான்கு மூலைக்கும் ஓட்டிப் பார்த்து, டிரைபாட் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். இந்த ஒரு வேலையே மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஷட்டருக்கு 2 நொடி டைமர். லைவ் வியூவில் கேமராவுக்குள் உள்ள கண்ணாடி ஏற்கெனவே மேலே இருப்பதால் அது எழும் அதிர்வு இல்லை.

காற்றுதான் எதிரி. 0.63 மடங்கில் பூவின் ஒரு மி.மீ. சென்சாரில் சுமார் 170 பிக்சல். 1/200 நொடியில் ஒரு பிக்சலுக்கு மேல் இழுபடாமல் இருக்க, பூ நொடிக்கு 1.2 மி.மீ.க்கு மேல் நகரக்கூடாது. கண்ணுக்கு அசையாமல் தெரியும் பூவே அதைவிட வேகமாக ஆடும். மூங்கில் குச்சியை மண்ணில் ஊன்றி, காம்பைப் பூவுக்கு இரண்டு விரற்கடை கீழே துணி கிளிப்பால் பிடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் கடற்காற்று கிளம்புமுன், காலையிலேயே முடித்துவிட வேண்டும். பூவும் அன்றைக்கு மட்டும்தான், சாயங்காலம் சுருண்டுவிடும்.

மீதிப் பாதிக்கு ஃபிளாஷ்: அதன் நொடிப்பொழுது வெளிச்சம் அசைவை உறைய வைக்கும். நேரே அடித்து நரம்பை அமுக்காமலிருக்க பாப்-அப் ஃபிளாஷுக்கு முன்னால் ட்ரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு, ஃபிளாஷ் காம்பன்சேஷன் மைனஸ் 1. தாள் பாரிமுனை ஸ்டேஷனரிக் கடைகளில் மலிவு. தனி ஃபிளாஷ் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஹாட்ஷூவை (கேமராவின் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) பாருங்கள்: 200டி மார்க் 2 போன்ற சில கேனான் உடல்களில் நடுமுனையே கிடையாது. மற்ற கம்பெனிகளின் வெறும் மேனுவல் ஃபிளாஷ் அதில் எரியாது.

பூவின் நடுத்தண்டு இன்னும் பாக்கி. ஐந்து சூல்முடிகளும் ஐந்து திசையில் விரிந்திருப்பதால் ஒரே படத்தில் அத்தனையும் கூர்மையாக வராது, 0.8 மி.மீ. இடைவெளியில் நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஸ்டாக் செய்தாக (ஒரே படமாக இணைத்தாக) வேண்டும். அதற்குள் மனம் தும்பையில் நிற்கிறது. 13, 21, 31 மூன்றையும் சேர்த்து 65 எம்எம், 1.5 மடங்கு, எஃப்/5.6, ஆழம் கால் மி.மீ.க்கும் குறைவு. அங்கே வெள்ளை, மூன்று சேனலும் ஒன்றாக நிரம்பும். கேமராவை நகர்த்த மேக்ரோ ரெயில் (திருகால் நகரும் தண்டவாளம்) வேண்டும். மலிவு ரெயிலில் திருகைத் திருப்பிச் சுற்றினால் கொஞ்ச தூரம் ஒன்றுமே நகராது. அதனால் எப்போதும் ஒரே திசையில்தான் ஓட்ட வேண்டும். திருகின் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, ரெயிலிலேயே எழுதி ஒட்டுவது அடுத்த வேலை.