ஒரு பிட்டை நிறுத்த ஈப்போவுக்கு இரண்டு நடை

கடையில் 74எச்.சி.00 என்ற சிப் கேட்டேன். அந்தப் பையன் 74எச்.சி.02 எடுத்துக் கொடுத்தான். நானும் வாசித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் கடைசி ஓர் எண்ணால் ஒரு சனிக்கிழமை இரவும் மறுநாள் ஞாயிறும் பாழ். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் இன்னொரு நடை வேறு.

மகள் ஐந்தாம் படிவம். கணினி அறிவியலில் லாஜிக் கேட் பாடம் நடக்கிறது; உள்ளே வரும் 0, 1-ஐப் பார்த்து வெளியே ஒரு 0 அல்லது 1 தரும் குட்டிச் சுற்றுதான் கேட். நினைவகம் ஒரு பிட்டை, அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1-ஐ, எப்படிப் பிடித்து வைக்கிறது என்று செய்தே காட்டுகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன். 415 வோல்ட் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவனை 5 வோல்ட் என்ன செய்துவிடும் என்ற திமிர் எனக்கு.

மற்ற சாமான்கள் சுலபமாகக் கிடைத்தன. மின்சாரத்துக்குப் பழைய கைப்பேசி சார்ஜர். 9 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், இந்த ரகம் 6 வோல்ட்டுக்குள் ஓடவேண்டியது.

சுற்றுப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆலையில் மோட்டாருக்கு ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறோம், காண்டாக்டர் என்ற காந்த சுவிட்ச் இழுக்கிறது. கையை எடுத்த பிறகும் அது விழாது. அதன் கூடவே நகரும் சின்னக் காண்டாக்ட் ஒன்று பட்டனுக்குப் பதிலாக லைனைப் பிடித்துக்கொள்ளும். இருபது வருடமாக நான் கட்டுவது இதைத்தான். ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் லாட்ச் என்ற சுற்றும் அதே கதை. இரண்டு நேண்ட் கேட், ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீட்டுக்குப் போகிறது.

நேண்டுக்கு ஒரே விதி. இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் 0 தரும், மற்ற நேரமெல்லாம் 1. ஒவ்வொரு கேட்டிலும் சிப்பின் ஒரு காலில் (பின்) ஒரு பட்டன்; சும்மா இருக்கும்போது அந்தக் கால் 1, அழுத்தினால் 0. மேல் கேட்டின் பட்டனை அழுத்தினால் அதன் வெளியீடு 1, விளக்கு எரியும். அந்த 1 கீழ் கேட்டுக்குப் போகிறது. அங்கே பட்டன் காலும் 1, ஆக வெளியீடு 0. அந்த 0 திரும்பி மேலே வந்து மேல் கேட்டின் இன்னொரு காலில் உட்கார்ந்துகொள்ளும். இனிமேல் விரலை எடுத்தாலும் விளக்கு அணையாது. பிரிட்டனில் எக்லிஸ், ஜோர்டன் என்ற இருவர் 1918-இலேயே பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வுகள் இரண்டை வைத்து இந்தச் சங்கதியைச் செய்து காப்புரிமை கேட்டிருக்கிறார்கள்.

சரி, எங்கள் வீட்டில் என்ன நடந்தது? விளக்கு எரியவே இல்லை. அணைக்கவேண்டிய பட்டனை அழுத்திப் பிடித்தால் மினுக்கென்று எரிந்தது. விரலைச் சிப் பக்கம் கொண்டுபோனால் எரியும், நகர்த்தினால் அணையும். எரியவைக்க வேண்டிய பட்டனை அழுத்தினால் சிப் லேசாகச் சுட்டது. "ப்பா, இதுக்கு ஞாபக மறதி போல," என்றாள் மகள். இரவு ஒரு மணி வரை கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன்.

ஞாயிறு மத்தியானம் அவள்தான் கைப்பேசி விளக்கை அடித்து, சிப் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். 02. அது நோர் கேட், வேறு ரகம்; 00-தான் நேண்ட். 00-வில் 1, 2 ஆகிய கால்கள் உள்ளீடு, 3 வெளியீடு. 02-வில் எல்லாம் தலைகீழ்: 1 வெளியீடு, 2-உம் 3-உம் உள்ளீடு. நான் பட்டன் வைத்து எர்த்தோடு சேர்த்தது ஒரு வெளியீட்டை. சூடாகாமல் என்ன செய்யும்? இரண்டு உள்ளீடுகள் எங்கேயும் சேராமல் அந்தரத்தில் தொங்கின, விரல் பட்ட பக்கமெல்லாம் ஆடின. மின்சாரம் வரும் 14-உம் 7-உம் இரண்டு சிப்பிலும் ஒரே இடம்தான், அதனால் ஒன்றும் புகையவில்லை, சந்தேகமும் வரவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து மறுபடி ஈப்போ. "சாமா லா, போஸ்," என்றான் பையன், இரண்டும் ஒன்றுதானாம். சாமாவாம்! கௌண்டரிலேயே தாளில் இரண்டு படமும் போட்டுக் காட்டினேன். மாற்றிக் கொடுத்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். பெட்ரோல் என் செலவு.

அப்புறமும் அரைமணி நேரம் பேசாமல் கிடந்தது. இந்த முறை தகராறு பிரட்போர்டில், அதாவது சிப்பையும் கம்பியையும் சொருகும் துளைப் பலகையில். ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு நடுவில் விட்டுப் போயிருந்தால், உள்ளே கம்பியும் அங்கே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு துண்டுக் கம்பி சொருகினேன், விளக்கு எரிந்தது. கையை எடுத்தேன். எரிந்துகொண்டே இருந்தது. மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

இன்னும் ஒன்று: பயன்படுத்தாத கேட்டின் உள்ளீடுகளை எர்த்திலோ 5 வோல்ட்டிலோ கட்டிவிடுங்கள். தொங்க விடாதீர்கள். வெளியீட்டைக் கட்டாதீர்கள், என் கதி வரும்.

மீதி இரண்டு கேட்டையும் முன்னால் சேர்த்து, அனுமதி கொடுத்தால் மட்டும் தகவலை உள்ளே விடும் டி லாட்சாக மாற்றியது பத்து நிமிட வேலை. நான்கு கேட், ஒரு சிப், ஒரு பிட். மகள் உடனே கணக்குப் போட்டாள்: ஒரு பைட்டுக்கு 8 சிப், ஒரு கிலோபைட்டுக்கு 8,192. சிப் இரண்டு வெள்ளி என்றால் 16,384 வெள்ளி. கைப்பேசியின் முக்கிய நினைவகம் இப்படி இல்லையாம், ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரும்தான். ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை வாங்கியது. கெப்பாசிட்டர் ஒழுகும் என்பதால் பொதுவாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை மறுபடி நிரப்பவேண்டும். லாட்ச் மாதிரி தன்னைத் தானே பிடித்துக்கொள்கிற வகை, ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டரோடு, பிராசசருக்குள்ளே கேஷ் என்ற வேகமான சின்ன நினைவகமாக இருக்கிறது.

இவ்வளவையும் நான் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் தன் கைப்பேசிக்குச் சார்ஜ் போட எங்கள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டார். பிட் போச்சு. ஆலையில் மின்சாரம் போய் வந்தால் காண்டாக்டர் விழுந்தேதான் இருக்கும், யாராவது போய் ஸ்டார்ட் அழுத்தவேண்டும். இது எப்படி என்று பார்க்கலாமென்று பத்து முறை பிடுங்கிச் சொருகினோம். எட்டு முறை எரிந்தபடி வந்தது, இரண்டு முறை அணைந்தபடி. அந்த இரண்டு ஏன் என்று ஆசிரியர் கேட்பார் என்று மகள் இப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.