மலிவு விலையில் ஒரு வார்மின்ட் ரைஃபிள்: நான்கு மாதக் குறிப்புகள்

மார்ச்

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் சோயா பயிரிடும் ஒரு பெரியவர் பழக்கம். அவர் வயலின் வேலியோரம் முழுக்கக் கிரவுண்ட்ஹாக் வளைகள். அணில் குடும்பம்தான், ஆனால் நாலைந்து கிலோ தேறும். சோயா முளைவிட்டதும் வளையைச் சுற்றி வட்டமாக மொட்டையடித்துவிடும். வளை வாயில் டிராக்டர் சக்கரம் இறங்கினால் அதற்குத் தனிச் செலவு. பிப்ரவரி 2ஆம் தேதி இதே மாநிலத்தில் பங்ஸடானி என்ற ஊரில் இந்தப் பிராணிக்கு விழாவே எடுக்கிறார்கள். பெரியவர் அந்தப் பக்கமே போவதில்லை.

வேட்டை உரிமம் இருந்தால் வந்து சுட்டுக் கொடு என்றார். போன வருடமே பயிற்சி வகுப்பு முடித்து உரிமம் வாங்கியிருந்தேன், கையில் வார்மின்ட் ரைஃபிள்தான், அதாவது பயிரைக் கெடுக்கும் சின்னப் பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடும் ரைஃபிள்தான், இல்லை. செலவுக்கு நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டேன்: ரைஃபிளுக்கு 600 டாலர், அதன் மேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு 350. வீட்டில் சொன்னபோது வந்த பதில்: “ஏங்க, ஒரு பெருச்சாளியைச் சுட ஆயிரம் டாலரா?”

முதலில் எந்தத் தோட்டா என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று பேர் போட்டியில் இருந்தார்கள். .22-250 ரெமிங்டன் இந்த வேலைக்கென்றே பிறந்தது மாதிரி. பெயரில் இருக்கும் 250 வேகமும் இல்லை, தூரமும் இல்லை. .250 சாவேஜ் தோட்டாவின் கூட்டைக் கழுத்தில் நெருக்கிச் செய்தது என்பதால் வந்த பெயர். பல வருடம் கைத்தயாரிப்பாகவே திரிந்துகொண்டிருந்ததை 1965இல் ரெமிங்டன் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது. 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சின்ன அலகு) குண்டை விநாடிக்கு 3,600 அடிக்கு மேல் தள்ளும். .204 ரூகர் 2004இல் வந்தது. எடை குறைந்த குண்டு, அதைவிட வேகம், உதை மிகக் குறைவு. மூன்றாவது .223 ரெமிங்டன். இதைச் சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். 55 கிரெயின் குண்டு 3,240 அடி வேகத்தில் போகும், அவ்வளவுதான்.

நான் .223ஐ எடுத்தேன். காரணம் வேகமல்ல, பெட்டி விலை. எங்கள் பக்கத்துக் கடையில் .22-250 ஒன்றரை மடங்கு விலை, அதுவும் இரண்டே வகைதான் அலமாரியில் இருந்தது. .223 பத்துப் பன்னிரண்டு வகை. தொழிற்சாலை ரைஃபிள் எந்தத் தோட்டாவை விரும்பும் என்று வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் தெரியாது, அதனால் வகை அதிகம் கிடைப்பதே பெரிய வசதி. மேலும் .22-250இல் மருந்து அதிகம் எரிவதால் குழலின் தொண்டை சீக்கிரம் தேயும். என் வயல் 250 கஜத்தைத் தாண்டாது. தெற்கு டகோடா புல்வெளியில் வெகுதூரத்திலிருந்து பிரெய்ரி டாக் என்ற வளை தோண்டும் அணில் இனத்தைச் சுடப் போகிறவராக இருந்தால் வேறு கணக்குப் போட்டிருப்பேன்.

மார்ச் கடைசி

இரண்டு சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். கையில் எடுத்துப் பார்த்தவை: சாவேஜ் 12 எஃப்வி, ஹோவா 1500 கனத்த குழல், ரூகர் அமெரிக்கன் பிரிடேட்டர், டிக்கா டி3எக்ஸ் வார்மின்ட், ரெமிங்டன் 700 எஸ்பிஎஸ் வார்மின்ட்.

போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்ட முன்னும் பின்னும் இழுக்கும் தண்டு) வழவழப்பில் டிக்காவை அடிக்க ஆளில்லை. பின்லாந்துச் சரக்கு. போல்ட்டை இழுத்தால் எண்ணெய் போட்ட இழுப்பறை மாதிரி வருகிறது. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். ரூகர் பிரிடேட்டர் எல்லாவற்றிலும் மலிவு, எடையும் குறைவு, 22 அங்குலக் குழல். தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு அதுதான் சரி. நான் ஓரிடத்தில் மணல்மூட்டை போட்டு உட்கார்ந்து சுடுகிறவன். கனம் எனக்குத் தொந்தரவு இல்லை, லாபம். 1962இல் வந்த ரெமிங்டன் 700க்கு உதிரிபாகம் கிடைக்கிற அளவுக்கு வேறு எதற்கும் கிடைக்காது, ஆனால் நான் உதிரிபாகம் வாங்கும் ஆசையை ஒழிக்கத்தான் தொழிற்சாலை ரைஃபிள் தேடுகிறேன். ஜப்பானில் செய்யும் ஹோவாவின் இரண்டு கட்ட டிரிகர் நன்றாக இருந்தது. அதற்கும் சாவேஜுக்கும் நடுவில் ஒரு வாரம் ஊசலாடினேன்.

கடைசியில் சாவேஜ். 26 அங்குலக் கனத்த குழல், டிரிகரை இழுக்க வேண்டிய விசையை நாமே திருகி மாற்றிக்கொள்ளும் அக்யூட்ரிகர். குழலை உடலோடு இறுக்க ஒரு நட்டு வைத்திருப்பது 1958ஆம் ஆண்டு மாடல் 110 காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. பார்க்க அழகில்லைதான். ஆனால் குழலுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை மலிவாகத் துல்லியமாக வைக்க அந்த நட்டு உதவுகிறது. போல்ட்டின் தலையும் லேசாக அசையும்படி தனித் துண்டாக இருப்பதால் அதைப் பூட்டும் இரண்டு பற்களும் சமமாகப் போய் உட்காரும். 580 டாலர், வரி தனி.

கவனித்த இன்னொரு விஷயம் குண்டைச் சுழலவிடக் குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்கு. இதில் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .223 வார்மின்ட் ரைஃபிள்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அதில் 55 கிரெயின் வரை குண்டு ஒழுங்காகப் போகும், 69 கிரெயின் நீளக் குண்டு போட்டால் தடுமாறும். வாங்கும் முன் இந்த ஒரு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பச்சை அட்டைக்காரர்கள் கவனத்துக்கு: துப்பாக்கி வாங்க நிரப்பும் 4473 படிவத்தில் பச்சை அட்டையில் உள்ள நம் ஏலியன் எண்ணை எழுத வேண்டும், மாநிலப் போலீசின் பிக்ஸ் என்ற பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். எனக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஏப்ரல்

முதல் நாள் ரேஞ்ச், அதாவது சுடும் பயிற்சித் திடல். மாநில வேட்டைத் துறையின் ரேஞ்சுக்கு வேட்டை உரிமம் இருந்தால் தனிக் கட்டணம் இல்லை. 100 கஜம், சிமென்ட் மேஜை, கொஞ்சம் காற்று.

முதல் ஐந்து குண்டும் விழுந்த ஓட்டைக் கூட்டம், அதாவது குரூப், இரண்டே முக்கால் அங்குல அகலம். அடுத்தது மூன்று. அதற்கடுத்தது மூன்றேகால். சுடச் சுட விரிகிறது. முகம் வாடிவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார், அது இன்னும் மோசம்.

வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கழற்றினேன். வளையங்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. அடியில் இருக்கும் பேஸ் பட்டையை விரலால் தள்ளிப் பார்த்தேன், மயிரிழை அசைந்தது. முன்பக்கத் திருகு இரண்டும் கையாலேயே சுழன்றன. மாட்டியது நான்தான். எண்ணெய் துடைக்காமல், சாதாரண எல்-சாவியால், “போதும்” என்று தோன்றும் வரை திருகியிருந்தேன். அந்தப் ‘போதும்’தான் மூன்று அங்குலம்.

இறுக்கும் விசையை இன்ச்-பவுண்டில் காட்டும் சின்ன டார்க் ஸ்க்ரூடிரைவர் 40 டாலருக்கு வாங்கினேன். திருகு, துளை இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு வைத்து, 20 இன்ச்-பவுண்டுக்கு இறுக்கினேன். செய்த செலவிலேயே அதிகப் பலன் கொடுத்தது இந்த 40 டாலர்தான் என்று இப்போது சொல்வேன்.

கூடவே இன்னொரு தவறு. ரைஃபிளின் முன்பக்கம் மாட்டும் இரட்டைக் கால் தாங்கியான பைபாடைச் சிமென்ட் மேஜையில் வைத்துச் சுட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் ரைஃபிள் தவளை மாதிரி துள்ளியது. பைபாடைக் கழற்றிவிட்டு முன்னால் மணல்மூட்டை, பின்னால் அரிசி நிரப்பிய பழைய கால்சராய்க் கால். (பொன்னி இல்லை, கவலை வேண்டாம்.)

மே

இனித் தோட்டாச் சோதனை. ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு வீதம் நாலு குரூப், 100 கஜம், நடுவில் குழல் ஆறும் வரை காத்திருப்பு. ஓட்டைகளின் நடுப்புள்ளிகளில் தூரமான இரண்டுக்கு இடையே அளந்த சராசரி இது. மலிவு 55 கிரெயின் எஃப்எம்ஜே (முழு உலோக உறை போட்ட குண்டு) 2.1 அங்குலம். இன்னொரு 50 கிரெயின் 1.4. ஹார்னடி 55 கிரெயின் வி-மேக்ஸ் 1.1. அதே வி-மேக்ஸில் 53 கிரெயின் 0.85. ஆசைக்கு ஒரு பெட்டி 69 கிரெயின் மேட்ச் குண்டும் (போட்டியில் சுடுவது) போட்டேன், சரியாக ஒரு அங்குலம், ஆனால் அது வயலுக்கு வேண்டாம். வி-மேக்ஸ் போன்ற பிளாஸ்டிக் முனைக் குண்டு மண்ணில் பட்டதும் சிதறும், மேட்ச் குண்டு தெறித்துப் போகும் வாய்ப்பு அதிகம். சுற்றிலும் வீடும் மாட்டுக் கொட்டிலும் உள்ள இடம்.

ஒரே ரைஃபிள், ஒரே ஆள், ஒரே மேஜை. தோட்டாவை மாற்றியதில் மட்டும் 2.1 அங்குலம் 0.85 ஆகிறது. நான் ஒரு வாரம் ஊசலாடிய அந்த இரண்டு ரைஃபிள்களுக்கு இடையே இவ்வளவு வித்தியாசம் இருந்திருக்காது.

இந்த இடத்தில் என் பெருமையையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். 53 கிரெயினில் ஒரு மூன்று குண்டு குரூப் 0.38 அங்குலம் விழுந்தது. மூன்று ஓட்டையும் ஒட்டிக்கொண்டு வில்வ இலை வடிவத்தில் இருந்தது. ஃபோனில் படமெடுத்து பிட்ஸ்பர்க்கில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். அவர் இருபது வருடமாகச் சுடுகிறவர். “தம்பி, அதே இலக்கில் இன்னும் ஏழு சுட்டுட்டு அனுப்புங்க” என்றார்.

சுட்டேன். பத்துக் குண்டு, 1.15 அங்குலம்.

பிறகுதான் கணக்குப் புரிந்தது. ஒரே துல்லியமுள்ள ரைஃபிளில் ஐந்து குண்டு குரூப் சராசரியாக மூன்று குண்டு குரூப்பைவிட கால் பங்குக்குச் சற்று அதிகமாக விரியும், பத்துக் குண்டு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, எண்ணிக்கை கூடக் கூட ஓரத்தில் விழும் குண்டுக்கு வாய்ப்புக் கூடுகிறது. விளம்பரத்தில் வரும் ‘ஒரு எம்ஓஏவுக்குள்’ என்ற உத்தரவாதத்தை அதனால் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம், 100 கஜத்தில் ஒரு அங்குலத்தைவிட மயிரளவு அதிகம், 1.047. எத்தனை குண்டில், எத்தனை குரூப்பின் சராசரியில் என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மூன்று குண்டு குரூப் பத்துச் சுட்டு அதில் அழகான ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களை எல்லா ரேஞ்சிலும் பார்க்கலாம். இரண்டு நாள் நானும் அப்படித்தான் திரிந்தேன்.

என் தேவைக்கு இது போதுமா? நிமிர்ந்து நிற்கும் கிரவுண்ட்ஹாக்கின் மார்பு நாலு அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், 1.15 அங்குலம் 250 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் வரும். ரைஃபிள் போதும். போதாதது என் காற்றுக் கணிப்பு. மணிக்கு பத்து மைல் பக்கக் காற்று 200 கஜத்திலேயே இந்தச் சின்னக் குண்டை நாலு அங்குலம் தள்ளிவிடும். அரை அங்குலத் துல்லியத்துக்கு இன்னொரு ஐநூறு டாலர் கொடுத்திருந்தாலும் காற்று அதைக் கேட்டிருக்காது.

ஜூன்

தீவனப் புல் அறுவடை முடிந்த மறுநாள் மாலை பெரியவர் கூப்பிட்டார். புல் குட்டையாக இருக்கும்போதுதான் பிராணி கண்ணில் படும். ஆரஞ்சுத் தொப்பி, தூரமானி, மணல்மூட்டை. ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்தால் கானல் அலையில் எல்லாம் கூழாகத் தெரிந்தது, 12க்கு இறக்கியதும் தெளிந்தது. இவ்வளவு பெரிய மடங்குக்கு நான் காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று வேலிக்கு மேலே எழுந்து நின்றது, பின்னணியில் வானம். தவறினால் குண்டு எங்கே போய் விழும் என்று தெரியாது, விட்டுவிட்டேன். இன்னொன்று 187 கஜத்தில், சரிவுக்குக் கீழே, பின்னால் மண்மேடு. காற்று இடமிருந்து லேசாக. மார்பின் இடது விளிம்பில் வைத்து டிரிகரைத் தொட்டேன். நின்ற இடத்திலேயே சாய்ந்தது. போய்ப் பார்த்தபோது வளை வாயில் புதுமண் இன்னும் ஈரமாக இருந்தது.

சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வயலில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பார்கள். காலையில் தாத்தாவுடன் போய் எத்தனை விழுந்தது என்று எண்ணுவேன். அன்றைக்கு இருந்த மனநிலைதான் இன்றைக்கும். பெரிய வீரமாகவும் தோன்றவில்லை, பாவமாகத் தோன்றவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அந்த வாரத்தில் மொத்தம் நாலு சுட்டேன், ஒன்று தவறியது. தவறியதற்குக் காரணம் காற்று, அதாவது நான். 53 கிரெயினில் ஒரே தயாரிப்பு எண் உள்ள பெட்டிகளாக ஐந்து வாங்கி வைத்துவிட்டேன், அடுத்த தொகுதி எப்படி இருக்குமோ தெரியாது.

இன்னும் ஒன்று பாக்கி. பெரியவர் வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில், படிக்கட்டுக்கு அடியில் குடியிருக்கிறது. ஆள் குடியிருக்கும் கட்டிடத்திலிருந்து 150 கஜத்துக்குள் அனுமதியில்லாமல் சுடக் கூடாது என்பது இங்கே சட்டம். அவர் தன் வீட்டுக்கு அனுமதி தந்தாலும் பக்கத்து வீடு 90 கஜத்தில் இருக்கிறது. அதற்கு அவர் கம்பிக்கூண்டு வைத்து, உள்ளே பாகற்பழம் மாதிரி ஏதோ ஒரு மஞ்சள் பழத்தை நறுக்கிப் போட்டிருக்கிறார். இரண்டு வாரமாகப் பழம் மட்டும் காணாமல் போகிறது.