தேட ஆளில்லாதவர்கள்

தொடர் கொலையாளி என்றதும் எல்லோரும் அவனுடைய சிறுபராயத்தையும் தாயையும் மூளையையும் ஆராயத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை. ஓய்வுபெற்ற கிராம சேவையாளர் நான். எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று பதிந்தே காலம் கழித்தவன். அதனால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளின் குற்றவியல் குறிப்புகளைப் புரட்டியபோதும் கொல்லப்பட்டவர்கள் பக்கமே என் கண் போனது.

கோஹன், ஃபெல்சன் என்ற இருவர் 1979இல் சொன்னது இது: குற்றம் செய்யத் துணிந்தவன், அவனுக்குத் தோதான இலக்கு, தடுக்கக்கூடிய காவல் இல்லாமை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது குற்றம் நடக்கிறது. காவல் என்றால் பொலிஸ் மட்டுமல்ல. அயலவரும் உறவினரும் கடைக்காரரும்தான் பெரும்பாலும் அந்தக் காவல். எங்கள் ஒழுங்கையில் காலை பத்து மணியாகியும் ஒரு படலை திறக்காவிட்டால், முன்வீட்டு மாமி வேலிக்கு மேலால் குரல் கொடுப்பார். அந்தத் துருவல் எனக்கு எரிச்சல் ஊட்டியதும் உண்டு.

அமெரிக்காவின் கேரி ரிட்ஜ்வே 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். பாலியல் தொழிலாளர்களைத் தேர்ந்ததற்கு அவன் சொன்ன காரணம், அவர்களை யார் கண்ணிலும் படாமல் ஏற்றிச் செல்லலாம், காணவில்லை என்று உடனே யாரும் முறையிடமாட்டார்கள் என்பதுதான். கோட்பாட்டைப் படிக்காமலே அவனுக்கு அது தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் ஹரோல்ட் ஷிப்மன் வேறு வகை. குடும்ப மருத்துவர், அவனால் கொல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் வயதான பெண்கள். காவலாக நிற்க வேண்டியவனே கொன்றுவிட்டு மரணச் சான்றிதழிலும் கையெழுத்திட்டால் சூத்திரம் என்ன செய்யும்? மகளிடம் கேட்டேன், சிரித்தாள்.

என்னை உலுக்கியது ரொறன்ரோ வழக்கு. தோட்ட அலங்கார வேலை செய்துவந்த புரூஸ் மெக்ஆர்தர், 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்களைக் கொன்றதாக 2019இல் ஒப்புக்கொண்டான். அவர்களில் பலர் தெற்காசியாவிலும் மத்திய கிழக்கிலும் இருந்து போனவர்கள்; தங்கள் தன்பாலின வாழ்வைக் குடும்பத்துக்கு மறைத்தவர்களும் இருந்தார்கள். இருவர் எங்கள் நாட்டுத் தமிழர். அதில் ஒருவர் 2010இல் 492 தமிழ் அகதிகளை ஏற்றிக் கனடா போன 'சன் சீ' கப்பலில் போய் இறங்கியவர். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 2016 தொடக்கத்தில் கொல்லப்பட்டார். யாரும் முறைப்பாடு செய்யவில்லை. நாடுகடத்தலுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார் என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள். 2018 மார்ச்சில் கனடா பொலிஸ் இறந்த முகத்தின் படத்தை வெளியிட்டு, இவர் யார் என்று ஊரைக் கேட்டது. பெயர் தெரிய வாரங்கள் ஆயின.

அந்த மௌனம் எனக்குப் புதிதல்ல. வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்கு வீடுவீடாகப் போவேன். "மகன் எங்கே அம்மா?" என்றால் "வெளியில்" என்பார்கள். எந்த நாடு என்று கேட்டால் முற்றத்தைப் பார்ப்பார்கள். சொந்த ஊர்க்காரனான என்னிடமே வாய் திறக்காதவர்கள், பிள்ளையைப் பிடித்து அனுப்பக்கூடிய அரசின் பொலிஸிடம் எப்படிப் போவார்கள்? கொலையாளி கண்டெடுத்தது, குடிவரவுச் சட்டம் ஏற்கெனவே காவலைக் கழற்றிவிட்ட ஒரு மனிதனை. பாடக் குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

காணாமல் போனோரை ரொறன்ரோ பொலிஸ் தேடிய முறையை ஆராய்ந்த நீதிபதி குளோரியா எப்ஸ்டீனின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, காணாமல் போனோர் விடயத்தில் பொலிஸ் அல்லாத சமூக அமைப்புகளுக்குப் பெரிய பங்கு கொடுக்கச் சொல்கிறது. நல்ல யோசனை என்கிறாள் மகள். எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த அமைப்பில் தமிழ் தெரிந்தவர் இருப்பாரா, சொன்ன விடயம் குடிவரவு அலுவலகத்துக்குப் போகாது என்று எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டேன். அறிக்கையை மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.