தென் கமாண்டுக்கு ராஜஸ்தானில் என்ன வேலை?

இந்திய ராணுவத்தின் தென் கமாண்டு (கமாண்டு என்பது ஒரு பெரும் பகுதிக்குப் பொறுப்பான படைத் தலைமை) என்றதும் நம்மூரில் பலரும் சென்னையையோ வெலிங்டனையோ நினைக்கிறார்கள். தலைமையகம் இருப்பது புனேயில். போர் என்று வந்தால் அது தாங்க வேண்டிய முனை பாகிஸ்தானை ஒட்டிய ராஜஸ்தானின் ஜெய்சால்மர், பார்மர், குஜராத்தின் கட்ச். அந்த எல்லைக்கான 12-வது கோர் (கமாண்டுக்கு அடுத்த நிலைப் பெரும்படை) ஜோத்பூரிலும், தாக்குதல் படையான 21-வது கோர் போபாலிலும் இருக்கின்றன. அதே ராஜஸ்தானில் கங்காநகரும் பிகானேரும் ஜெய்ப்பூரிலுள்ள தென்மேற்கு கமாண்டின் கணக்கு. மாநில எல்லையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. எந்த எல்லையை நோக்கி எந்தக் கோர் நிற்கிறது என்று பாருங்கள்.

மொத்தம் ஏழு கமாண்டுகள். உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், புனே, லக்னோ, கொல்கத்தா ஆகிய ஆறும் போர்முனைக்கானவை. சிம்லாவில் இருப்பது பயிற்சிக்கு. ஒவ்வொன்றுக்கும் தலைவர் ஒரு லெப்டினன்ட் ஜெனரல். அவருக்குக் கீழே கோர், டிவிஷன், பிரிகேட், பட்டாலியன்.

இந்தப் பிரிவினை போர்கள் கற்றுக்கொடுத்தது. 1962 சீனப் போரில் கிழக்கு கமாண்டின் தலைமையகம் லக்னோவில் இருந்தது; சண்டையோ தூரத்து அருணாச்சலின் தவாங்கில். அடுத்த ஆண்டே அதைக் கொல்கத்தாவுக்கு மாற்றி, லக்னோவில் மத்திய கமாண்டை அமைத்தார்கள். மேற்கு கமாண்டின் சுமையைப் பிரித்து 1972-இல் வடக்கு கமாண்டு வந்தது. கார்கிலுக்குப் பின் 1999-இல் லடாக்குக்கென்றே லேயில் 14-வது கோர்.

ரெஜிமெண்டையும் (ஒரே பெயரில் பல பட்டாலியன்கள் கொண்ட காலாட்படைக் குடும்பம்) கமாண்டையும் குழப்பிக்கொள்வதும் சகஜம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருந்தாலும் அதன் பட்டாலியன்கள் தென் கமாண்டுக்குச் சொந்தமில்லை. சில வருடம் காஷ்மீர், பிறகு வேறெங்காவது என்று மாறிக்கொண்டே இருக்கும். கோர் தலைமையகம் அங்கேயே நிற்கும், ஆட்கள்தான் மாறுவார்கள்.

நமக்கு நேரடியாக உதவும் அலுவலகம் சென்னையிலுள்ள தட்சிண பாரத் ஏரியா. இதற்குப் போர்முனை கிடையாது. ராணுவ நிலம், முகாம்கள், ஓய்வுபெற்றோர் நலன், வெள்ளம் வந்தால் மாநில அரசு கேட்கும் மீட்புக் குழுக்கள், இவைதான் வேலை. 2015 சென்னை வெள்ளத்தில் ராணுவத்தை நாம் பார்த்தது இந்த வழியாகத்தான்.

உண்மையான சிக்கல் முப்படையும் சேரும்போதுதான். 'கிழக்கு' என்றால் ராணுவத்துக்குக் கொல்கத்தா, விமானப்படைக்கு ஷில்லாங், கடற்படைக்கு விசாகப்பட்டினம். 'தெற்கு' என்றால் புனே, திருவனந்தபுரம், கொச்சி. சீனா 2016-இல் இந்திய எல்லை முழுவதையும் தரைப்படை, விமானப்படை இரண்டையும் சேர்த்து நடத்தும் ஒரே மேற்குப் போர்முனைக் கமாண்டிடம் கொடுத்துவிட்டது. அதே எல்லைக்கு நம் ராணுவத்தில் மட்டும் உதம்பூர், லக்னோ, கொல்கத்தா என மூன்று தலைமையகங்கள். அவற்றுக்கு விமானம் வேண்டுமென்றால், உதாரணமாக, லடாக்குக்கு டெல்லியிலுள்ள விமானப்படை மேற்கு கமாண்டையும் அருணாச்சலுக்கு ஷில்லாங்கையும் கேட்க வேண்டும்.